தினமும் பூசியவர்கள், தேவைப்பட்டபோது பூசியவர்கள்: நாம்பூர் நிகழ்வு ஆய்வு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதுதான் ஏற்பாடு. மிச்சம் இருக்கும் சன்ஸ்கிரீனோடு அந்தப் புட்டியைத் தராசில் வைப்பார்கள், எடையைக் குறித்துக்கொள்வார்கள், புதுப் புட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்து அனுப்புவார்கள். எவ்வளவு பூசினீர்கள் என்று வாய்வார்த்தையாகக் கேட்டால் யாருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். தராசுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற சிற்றூரில் 1992 முதல் 1996 வரை, நாலரை ஆண்டுகள் இது நடந்தது.

அந்த ஊர்க்காரர்கள் 1,621 பேர் இதில் பங்கெடுத்தார்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பது பற்றி இன்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லும் பல விஷயங்களுக்கு அடிப்படை அவர்களிடமிருந்து வந்ததுதான். இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் "சன்ஸ்கிரீன் வேலை செய்கிறது" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. நாம்பூரில் ஒப்பிடப்பட்டவர்கள் பூசியவர்களும் பூசாதவர்களும் அல்ல. தினமும் பூசியவர்களும், தங்களுக்குத் தேவை என்று தோன்றியபோது பூசியவர்களும்தான். வித்தியாசம் முழுக்க அந்த இரண்டு வழக்கங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

ஊரும் அதன் வெயிலும்

பிரிஸ்பேன் நகரத்துக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு அட்சரேகை 26 பாகையை ஒட்டி இருக்கிறது நாம்பூர். கரும்பு விளையும் பூமி. ஊருக்குள்ளேயே சர்க்கரை ஆலை இருந்தது. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய சிறு ரயில்கள் கடைவீதியின் குறுக்கே போகும். 2003-ல் ஆலை மூடப்பட்டது.

இங்கே குளிர்காலம் என்பது பெயரளவில்தான். புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்ல 'யூவி குறியீடு' என்று ஒரு எண் உண்டு. 1992-ல் கனடாவில் தொடங்கி, பின்னால் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமாக வகுத்துக் கொடுத்தது. அந்த எண் 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு வேண்டும் என்பது கணக்கு. தெற்கே மெல்போர்னில் மே முதல் ஆகஸ்ட் வரை அது பெரும்பாலும் 3-க்குக் கீழேயே இருக்கும். குயின்ஸ்லாந்தின் இந்தப் பகுதியிலோ நடுக் குளிர்காலத்து நண்பகலிலும் 3-ஐத் தாண்டிவிடும். கோடையில் 12, 13 என்று ஏறும். ஆண்டில் ஒரு மாதம்கூடத் தோலுக்கு ஓய்வு கிடையாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். தென் அரைக்கோளத்துக்கு அப்போது கோடை. அதனால் வடக்கே இதே அட்சரேகையில் இருக்கும் ஊர்களைவிட இங்கே கோடை வெயிலில் கதிர் கூடுதல்.

இந்த நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடி மக்களுக்குக் கரிய தோல். கடந்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்கு வெளிறிய தோல். மங்கலான வெயிலுக்குப் பழகிய தோல். அதைக் கொண்டுவந்து இந்த வெயிலில் நிறுத்தியதன் விலையைத்தான் அந்த நாடு கொடுத்துவருகிறது. ஆஸ்திரேலியர்களில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் வரும் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

தோலுக்குள் நடப்பது

ஆய்வுக்குள் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் 'தினமும்' என்ற சொல்லுக்கு ஏன் அவ்வளவு கனம் என்று புரியாது.

சூரியனிலிருந்து நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை உண்டு. யூவிபி அலைநீளம் குறைந்தது. தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும், தோலைச் சிவக்க வைப்பது முக்கியமாக இதுதான். யூவிஏ அலைநீளம் கூடியது. ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கிப்பிடிக்கும் நார்களைச் சிதைக்கும். யூவிபி தோல் செல்லின் டிஎன்ஏ இழையில் பட்டால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல்லிடம் இதைச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. ஒட்டிய துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நெய்துவிடும். வெயிலில் நின்ற ஒவ்வொரு நாளும் இந்த வேலை நடக்கிறது. ஆனால் எல்லாமே சரியாகிவிடாது. சரியாகாமல் விட்ட பிழைகளில் ஒன்று, செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் மரபணுவிலேயே விழுந்துவிட்டால் அங்கிருந்து ஆபத்து ஆரம்பிக்கிறது. பி53 என்ற மரபணு அப்படிப்பட்டது.

இந்தச் சரிசெய்யும் ஏற்பாடு எவ்வளவு பெரிய காவல் என்பதைக் காட்ட ஒரு நோயே இருக்கிறது. ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்பது அதன் பெயர். பிறவியிலேயே அந்த ஏற்பாடு பழுதாக இருக்கும் குழந்தைகளுக்கு வருவது அது. பத்து வயதுக்குள்ளேயே பலருக்குத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. வெயில் நம் எல்லோர் தோலிலும் செய்வதைத்தான் அவர்கள் தோலிலும் செய்கிறது. நமக்குப் பின்னால் நின்று பழுதுபார்க்க ஆள் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

ஆக, பிழைகள் ஒரே நாளில் வந்து விழுவதில்லை. கணக்கில் ஏறிக்கொண்டே போகின்றன. கடற்கரையில் ஒரு நாள் தோல் உரியுமளவு வெந்ததும் அந்தக் கணக்கில் உண்டு, துணி காயப்போடப் போன பத்து நிமிடமும் உண்டு.

முதலில் எண்ணிப் பார்த்தார்கள்

1986-ல் குயின்ஸ்லாந்து மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அடெல் கிரீனும் அவருடைய குழுவினரும் நாம்பூரில் 20 முதல் 69 வயது வரை உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை அல்ல, ஊரில் சும்மா இருந்தவர்களை. இரண்டாயிரத்துக்கும் சற்று அதிகமானவர்களின் தோலைத் தோல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள்.

சாதாரண மக்கள், எந்தப் புகாரும் இல்லாதவர்கள் என்பது இங்கே முக்கியம். ஏனென்றால் அதுவரை சன்ஸ்கிரீன் பற்றி வந்த ஆய்வுகளில் பெரிய குழப்பம் இருந்தது. சில ஆய்வுகளில் சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களுக்குத்தான் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் அதிகம் என்றுகூட வந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். சட்டென்று வெந்துபோகும் வெளிறிய தோல்காரர்தான் அதிகம் பூசுவார், அவருக்குத்தான் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். மருந்து வாங்குபவர்களில் நோயாளிகள் அதிகம் என்பதால் மருந்து நோயை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியுமா? இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. யார் பூச வேண்டும் என்பதை அவரவர் தோலோ விருப்பமோ தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல் தீர்மானிக்க வேண்டும்.

சோதனை

1992-ல் அதைத்தான் செய்தார்கள். முன்பு பரிசோதிக்கப்பட்டவர்களில் 1,621 பேர் சேர்ந்தார்கள். 812 பேர் தினமும் காலையில் தலைப் பகுதி, கழுத்து, கைகள், புறங்கைகள் ஆகியவற்றில் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். நிறைய வியர்த்தாலோ குளித்தாலோ நீண்ட நேரம் வெயிலில் நின்றாலோ மறுபடி பூச வேண்டும். மீதி 809 பேர் வழக்கம்போல இருக்கலாம். பூசக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வேலை செய்யாத போலிக் களிம்பும் கொடுக்கவில்லை. அந்த வெயிலில் ஒருவரிடம் போலிக் களிம்பைக் கொடுத்து, அதை நம்பி வெளியே போகச் சொல்வது அறமாகாது என்று ஆய்வாளர்கள் முடிவெடுத்தார்கள். சரியான முடிவு. அதனால் ஆய்வின் கூர்மை கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனாலும் சரிதான்.

கூடவே இன்னொரு கேள்வியையும் அதே ஆட்களிடம் சோதித்தார்கள். இரண்டு குழுவிலும் பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை, மற்றப் பாதிக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. கேரட்டுக்கு நிறம் தரும் அந்தப் பொருள் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் பலமாக இருந்தது.

கொடுத்த சன்ஸ்கிரீன் இன்றைய கணக்கில் எளிமையானது. எஸ்பிஎஃப் 16, அதாவது தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் 16. இரண்டு வகைக் கதிரையும் ஓரளவு தடுப்பது. இன்று கடையில் நிற்பவர் 50-க்குக் குறைந்த எதையும் கையில் எடுக்க யோசிப்பார்.

அப்புறம் அந்தத் தராசு. திரும்பி வந்த புட்டிகளின் எடையோடு, எப்படிப் பூசுகிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் தனியாகப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்தக் கணக்கின்படி, சராசரியாக ஒருவர் பூசியது சதுர சென்டிமீட்டருக்கு 0.79 மில்லிகிராம். புட்டியில் அச்சிட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் கிடைக்க வேண்டுமானால் 2 மில்லிகிராம் பூச வேண்டும், ஆய்வகத்தில் அப்படித்தான் அளக்கிறார்கள். நாம்பூர்க்காரர்கள் அதில் பாதிகூடப் பூசவில்லை. எல்லா நாளும் தவறாமல் பூசியவர்களும் அல்ல. நாலில் மூன்று பேர்தான் வாரத்தில் மூன்று, நாலு நாளாவது பூசினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. எஸ்பிஎஃப் 16 களிம்பு, பாதி அளவு, நடுநடுவே மறதி. எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய குறைகளோடு பூசியவர்கள் இவர்கள். ஆகவே கீழே வரும் எண்கள் கெட்டிக்காரர்களின் எண்கள் அல்ல.

கிடைத்த எண்கள்

முதல் முடிவுகள் 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. சோதனைக் காலத்தில் 1,383 பேரின் தோலைத் தோல் மருத்துவர் முழுமையாகப் பார்த்திருந்தார். அவர்களில் 250 பேருக்குப் புதிய தோல் புற்றுநோய், மொத்தம் 758 கட்டிகள். ஒருவருக்கு மூன்று வீதம் வருகிறது! அந்த ஊரின் வெயிலைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தோல் புற்றுநோயில் மூன்று முக்கிய வகைகள் உண்டு. அடித்தள செல் புற்றுநோய் மிகவும் பரவலானது, மெதுவாக வளரும், உடலின் மற்ற இடங்களுக்கு அரிதாகவே பரவும். செதிள் செல் புற்றுநோய் அதைவிட வேகமானது, சிலருக்குப் பரவும். மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, உயிரைப் பறிப்பதில் முதலிடம்.

தினமும் பூசியவர்களிடம் செதிள் செல் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தன. சோதனை முடிந்து எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் அந்தக் குறைவு ஏறத்தாழ அப்படியே நின்றது. அடித்தள செல் வகையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த வகைக்கு வித்து சின்ன வயதிலேயே விழுந்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆய்வு தொடங்கியபோது இவர்களின் சராசரி வயது 50-ஐ ஒட்டி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அரைநூற்றாண்டு வெயில் ஏற்கெனவே தோலில் ஏறியிருந்தது.

மாத்திரையால் ஒரு பலனும் இல்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் உள்ளே விழுங்கி வெயிலைச் சமாளித்துவிடலாம் என்ற ஆசை இன்னும் போகவில்லை. பீட்டா கரோட்டினைப் பொறுத்தவரை கதை இன்னும் மோசம். 1994-ல் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த பெரிய சோதனையில் அதை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது.

மெலனோமாவுக்கு விடை கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அது அரிதாக வருவது, மெதுவாக உருவாவது. சோதனை முடிந்தபின் மேலும் பத்து ஆண்டுகள் அதே மனிதர்களைத் தொடர்ந்தார்கள். 2011-ல் வெளியான எண்கள் இவை: தினமும் பூசிய குழுவில் 11 பேருக்கு மெலனோமா, மற்றக் குழுவில் 22 பேருக்கு. தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கிய, அதாவது உயிருக்கு ஆபத்தான வகையை மட்டும் பார்த்தால் 3 பேர், 11 பேர்.

எண்ணிக்கை சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 11-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம், தற்செயல் அல்ல என்று சொல்லப் புள்ளியியலில் வழக்கமாக இழுக்கும் கோட்டுக்கு மயிரிழை வெளியே விழுந்தது. விமர்சகர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள், அது நியாயமும்கூட. ஆனால் நான் இதைத் தனியாக வைத்துப் பார்க்கவில்லை. செதிள் செல் வகையில் கண்ட குறைவு, டிஎன்ஏ பற்றி நமக்குத் தெரிந்தது, இந்த எண்கள் எல்லாமே ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. எஸ்பிஎஃப் 16-ஐப் பாதி அளவு பூசியே இவ்வளவு என்பதையும் அந்தத் தட்டில் வைக்க வேண்டும்.

புறங்கையில் எடுத்த அச்சு

2013-ல் வந்த இன்னொரு முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் பங்கேற்றவர்களின் புறங்கையில் சிலிக்கான் பசை தடவி அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். உங்கள் புறங்கையை இப்போது கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பாருங்கள். நேர்த்தியான சிறு முக்கோணங்களாகக் கோடுகள் பின்னிக் கிடக்கும். வெயில் பட்டுப்பட்டுத் தோலைத் தாங்கும் நார்கள் சிதையச் சிதையக் குறுக்குக் கோடுகள் அழிந்து, ஒரே திசையில் ஓடும் ஆழமான வரிகள் மட்டும் மிஞ்சும். அச்சில் இதைத் தரம் பிரித்துப் பார்க்கலாம். 55 வயதுக்குக் குறைந்த 903 பேரின் அச்சுகளைப் பார்த்தார்கள். எந்த அச்சு எந்தக் குழுவினுடையது என்று தரம் பிரித்தவர்களுக்குத் தெரியாது. தினமும் பூசியவர்களின் தோல் நாலரை ஆண்டில் அளக்கும்படியாக முதுமை அடையவில்லை. மற்றக் குழுவோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு.

கதிர் செய்யும் சிதைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் போதும். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி தடித்து, ஆழமாக மடிந்து தொங்கியது. வலது பாதி அவர் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. கண்ணாடி யூவிபியைப் பெரும்பாலும் நிறுத்தும், யூவிஏவை விடும். ஒரே முகத்தில் இரண்டு மனிதர்கள்.

'தேவைப்பட்டபோது' ஏன் போதவில்லை

இதுதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். இரண்டாவது குழுவினர் அசட்டையானவர்கள் அல்ல. அதே ஊர், அதே வெயில். 1981-லிருந்தே சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஒரு கார்ட்டூன் கடற்பறவை நாடு முழுக்க அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தேவை என்று தோன்றியபோது அவர்களும் பூசினார்கள்.

தேவை என்று எதை வைத்துத் தோன்றுகிறது? சூட்டை வைத்து. உடம்பில் உறைக்கும் சூடு அகச்சிவப்புக் கதிரும் சுற்றியுள்ள காற்றும் தருவது. புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது, வெளிச்சம் கிடையாது. அது படும்போது உணர நம் உடம்பில் எந்தப் புலனும் இல்லை. தோல் சிவப்பது சில மணி நேரம் கழித்து. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். காற்று சிலுசிலுவென்று வீசும் இளங்குளிர் நாளில், மெல்லிய மேகம் மூடிய நாளில், கடலோரத்தில், யூவி குறியீடு 8-ல் நிற்கலாம். உடம்பு ஒன்றும் சொல்லாது. மணல் சுமார் 15 சதவீதம் கதிரைத் திருப்பி அனுப்பும், கடல் நுரை சுமார் 25 சதவீதம். நிழலில் உட்கார்ந்திருப்பவர்மேல் கீழிருந்து வந்து படும்.

அதனால் 'தேவைப்படும்போது' என்பது நமக்கு இல்லாத ஒரு புலனை நம்பி எடுக்கும் முடிவு. தினமும் பூசியவர்கள் அப்படி முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தார்கள். பல் தேய்த்தார்கள், முகம் கழுவினார்கள், பூசினார்கள். அவ்வளவுதான்.

பூசிக்கொண்டால் தைரியம் வந்து மக்கள் இன்னும் அதிக நேரம் வெயிலில் கிடப்பார்கள் என்று ஒரு அச்சம் உண்டு. அது வெறும் கற்பனை அல்ல. விடுமுறைக்குப் போன ஐரோப்பிய மாணவர்களில் எஸ்பிஎஃப் 30 கொடுக்கப்பட்டவர்கள், எஸ்பிஎஃப் 10 கொடுக்கப்பட்டவர்களைவிட நீண்ட நேரம் வெயில் காய்ந்தார்கள் என்று 1999-ல் ஒரு சோதனை காட்டியது. ஆனால் அவர்கள் வெயில் காயவே போனவர்கள். நாம்பூரில் தினமும் பூசியவர்கள் வெளியே நின்ற நேரம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. வேண்டுமென்றே வெயிலில் படுப்பதற்கான அனுமதிச் சீட்டாக வாங்கிய களிம்பு வேறு, காலை வேலைகளில் ஒன்றாகிப்போன களிம்பு வேறு.

மாநிற, கரிய தோலுக்கு இது பொருந்துமா?

இதைப் படிக்கும் பலரின் மனதில் இந்தக் கேள்வி இருக்கும். நேர்மையான பதில்: அப்படியே பொருந்தாது. நாம்பூர் சோதனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளிறிய தோல்காரர்கள். கரிய தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி, செல்லின் உட்கருவுக்கு மேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. மிகக் கரிய தோலின் மேலடுக்கு மட்டுமே எஸ்பிஎஃப் 13 அளவுக்குத் தடுப்பதாக 1979-லேயே அளந்திருக்கிறார்கள்; வெளிறிய தோலில் அது 3-ஐ ஒட்டி. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் கரிய தோலில் மிகவும் குறைவு.

ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிட முடியாது. முதலாவது, 'எங்களுக்கு வராது' என்ற நினைப்பால் வந்ததைக் கவனிக்காமல் விடுவது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கு வெயில் காரணமில்லை. எந்த நிறத்தவருக்கும் வரும். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் நகத்துக்கு அடியில். 1981-ல் 36 வயதில் இறந்தார். நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலோ, உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி பெரிதானாலோ அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்குக் களிம்பு உதவாது, கண்தான் உதவும்.

இரண்டாவது, வைட்டமின் டி. தோல் அதைத் தயாரிக்க யூவிபி வேண்டும். கரிய தோலுக்கு அதிகம் வேண்டும். நாள் முழுக்க அறைக்குள் இருக்கும் ஒரு கரிய தோல்காரருக்குக் காலையும் மாலையும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்வது அவருக்கு இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதுபோல. ஆஸ்திரேலிய நிபுணர்களே இப்போது எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்வதில்லை. 2024-ல் வெளியான அவர்களின் நிலைப்பாட்டு அறிக்கை, தோல் நிறத்தையும் புற்றுநோய் வாய்ப்பையும் பார்த்து மக்களை மூன்றாகப் பிரித்து அறிவுரை சொல்கிறது. மிகக் கரிய தோல் உள்ளவர்கள் நெடுநேரம் வெயிலில் இருக்கப்போனால் தவிர வழக்கமான பாதுகாப்பு தேவையில்லை என்பது அதன் போக்கு. மாநிறம் நடுவில் வருகிறது. எவ்வளவு நேரம் வெளியே, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, தோல் வெந்து சிவக்கும் வழக்கம் உண்டா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியது.

வெண்தோல் நோயாளிகளும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் பாதுகாப்பை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். பிறவியில் நிறமி இல்லாதவர்கள் கடும் வெயில் நாடுகளில் இள வயதிலேயே தோல் புற்றுநோயால் இறப்பது இன்றும் நடக்கிறது. என் கணக்கில், உலகத்திலுள்ள சன்ஸ்கிரீன் எல்லாம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான்.

களிம்பு கடைசி வரிசையில்

நாம்பூர் சோதனை களிம்பைப் பற்றியது என்பதால் களிம்பே எல்லாம் என்று ஆகிவிடக் கூடாது. நேரம், நிழல், துணி, தொப்பி இவற்றுக்குப் பிறகுதான் அது. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை மறுபடி பூச வேண்டிய அவசியமில்லாத பாதுகாப்பு. தொப்பி என்றால் சுற்றிலும் விளிம்பு உள்ளது. முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி காதையும் பிடரியையும் அப்படியே விட்டுவிடும். ஆஸ்திரேலியப் பள்ளிகள் பலவற்றில் தொப்பி இல்லாத பிள்ளை விளையாட்டுத் திடலுக்குப் போக முடியாது, நிழலில்தான் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்குப் புற்றுநோயைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பதைவிட அந்த ஒரு விதி அதிகம் செய்திருக்கும் என்பது என் எண்ணம். தோலைக் கறுக்க வைக்கும் விளக்குப் படுக்கைகளை வணிகத்துக்கு வைக்கவும் 2015-ஐ ஒட்டிப் பெரும்பாலான மாநிலங்களில் தடை வந்தது.

பூசும்போது அளவு முக்கியம். பெரியவர் ஒருவருக்கு முகம், கழுத்து, காது சேர்த்து ஒரு தேக்கரண்டி. ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, முன்பக்கம் ஒன்று, முதுகுக்கு ஒன்று. மொத்தம் ஏழு. வெளியே போக 20 நிமிடம் முன்னால், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முழு அளவு பூசினால் எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதக் கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம். இரண்டுக்கும் நடுவே தலையைப் பிய்த்துக்கொள்வதைவிடக் காது மடலையும் பிடரியையும் புறங்கையையும் மறக்காமல் இருப்பது மேல்.

இனி நடக்க முடியாத சோதனை

நாம்பூர் தந்த விடையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 50 வயதை ஒட்டித் தொடங்கியவர்களுக்கே இவ்வளவு பலன் என்றால், ஐந்து வயதில் தொடங்கினால்? அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியை 'உங்கள் வழக்கப்படி' என்று விட்டுவிட்டு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இன்று நமக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு எந்த அறநெறிக் குழுவும் அதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. பெரியவர்களிடம்கூட இதே சோதனையை இன்னொரு தடவை நடத்துவது கடினம். 1992-ல் 'தெரியாது' என்று மனசாட்சியோடு சொல்ல முடிந்தது, இப்போது முடியாது.

எனவே ஒரு கரும்பு ஊர்க்காரர்கள் நாலரை ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து கொடுத்த அந்தப் பாதி காலியான புட்டிகளைத்தான் நாம் இன்னும் பல காலத்துக்கு ஆதாரமாக வைத்திருக்கப்போகிறோம்.